கூடாரத் தீயும் குழந்தைகளின் பேய்க்கதையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

அச்சம் உயிர்கள் அனைத்துக்கும் பொதுவான உணர்ச்சி. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது அச்சத்தை அவற்றுள் ஒன்றாக வைத்தார். அச்சம் பிறக்கும் இடங்களையும் நான்காகப் பிரித்துக் காட்டினார். வருத்தும் தெய்வமும் பேயும் ஒன்று, கொடிய விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, தண்டிக்கும் அதிகாரம் உடைய தலைவர் ஒன்று. இந்நான்கையும் கண்டால் விலகி ஓடுவதே இயற்கை. ஆயின் குழந்தைகளோ, நடுங்கிக்கொண்டே, "இன்னொரு பேய்க்கதை சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். அஞ்சுவதற்காகவே அருகில் வந்து உட்காருகிறார்கள். இது ஏன்?

இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர்க்கு அமெரிக்க நாட்டின் கோடை முகாம்கள் ஒரு நல்ல சோதனைச்சாலை எனலாம். நூறாண்டுகளுக்கும் மேலாக அங்கே இரவுதோறும் தீ மூட்டி, பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி, திகில் கதைகளைச் சொல்லி வருகிறார்கள். அக்கதைகள் பின்னர் அச்சேறிச் சிறுவர் நூல்களாகவும் பெருகின. அவற்றைப் பற்றி நூல்களில் படித்து அறிந்தவற்றை நம் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முகாம் பிறந்த வரலாறு

அமெரிக்கப் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை கோடை விடுமுறை. அந்நாட்களில் பெற்றோர் தம் பிள்ளைகளை ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ அமைந்த முகாம்களுக்கு அனுப்புவர். சில முகாம்கள் ஒரு வாரம் நடக்கும். சில இரண்டு மாதம் வரை நீளும். நீச்சல், படகு, மலையேற்றம், கைத்தொழில் ஆகியவை பகற்பொழுதின் பாடங்கள்.

இவ்வழக்கத்தின் தொடக்கமாகப் பலரும் காட்டுவது 1861-ஆம் ஆண்டை. கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி நடத்திய ஃபிரெடரிக் வில்லியம் கன் என்னும் ஆசிரியர், அவ்வாண்டுக் கோடையில் தம் மாணவர்களை ஏறத்தாழ 40 மைல் அழைத்துச் சென்று கடற்கரையில் கூடாரமிட்டுத் தங்க வைத்தார். 1881-இல் எர்னஸ்ட் பால்ச் என்பவர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஏரித்தீவு ஒன்றில் சோகோருவா முகாமைத் தொடங்கினார். 1885-இல் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் சார்பில் நியூயார்க் மாநிலத்தில் தோன்றிய டட்லி முகாம் இன்றும் நடைபெற்று வருகிறது. தொழிற்சாலைகளும் நகரங்களும் பெருகிய காலம் அது. நகரத்துப் பிள்ளைகள் மண்ணையும் மரத்தையும் மறந்துவிடுவார்களோ என்னும் கவலையே முகாம்களை வளர்த்தது.

இங்கிலாந்தில் பேடன் பவல் 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரௌன்சீ தீவில் சிறுவர்களைக் கூட்டி நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கம் பிறந்தது. அங்கும் இரவில் தீயைச் சுற்றிக் கதை உண்டு. 1908-இல் அவர் வெளியிட்ட சாரணர் நூலின் இயல்களுக்கே 'முகாம் தீக் கதைகள்' என்று பொருள்படத்தான் பெயரிட்டார். தீயும் கதையும் இல்லாத முகாம் இல்லை என்னும் அளவுக்கு அவை ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இம்முகாம்களில் பிள்ளைகளை மேய்க்கும் வழிகாட்டிகளுள் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். பதினெட்டு, இருபது வயதினர். ஆகவே அத்தீயின் முன் கதை சொல்பவர் தாடி வளர்த்த முதியவர் அல்லர். நம்மைப் போன்ற ஒருவர்தாம்.

இருளும் தீயும் செய்யும் வேலை

பகல் பன்னிரண்டு மணிக்கு, உணவுக்கூடத்தில் பேய்க்கதை எடுபடாது. முகாம் தீயின் முன் எடுபடுகிறது. அதற்கு அறிவியல் காரணம் உண்டு.

நம் விழித்திரையில் மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோலுயிரணுக்கள் உள்ளன. அவற்றிலுள்ள ரோடாப்சின் என்னும் நிறமிப்பொருள் வெளிச்சம் பட்டதும் சிதைந்துவிடும். இருளில்தான் மீண்டும் உருவாகும். முழுமையாக உருவாக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். தீயையே உற்று நோக்கிக்கொண்டிருப்பவனுக்கு அந்த நிறமி சேர இடமில்லை, கண்மணியும் சுருங்கியிருக்கும். அவன் திடீரென்று முதுகுப்புறம் திரும்பினால் அங்கே கரிய சுவர்தான் தெரியும். தீயை விட்டு விலகி நிற்பவனுக்குத் தெரியும் மரமும் புதரும்கூட அவனுக்குத் தெரியா. கண் கைவிட்ட இடத்தில் காது முந்திக்கொள்கிறது. ஒரு சுள்ளி முறிந்தால் போதும். உள்ளம் அதற்கு ஓர் உருவம் கொடுத்துவிடும்.

இவ்வேளையில் உடலுக்குள் என்ன நிகழ்கிறது? சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, அட்ரீனலினைக் குருதியில் கலக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுகிறது. தசைகள் ஓடவோ போரிடவோ ஆயத்தமாகின்றன. மயிர்க்கால்களின் அடியிலுள்ள நுண்தசைகள் சுருங்கி மயிர்க்கூச்செறிகிறது. பூனை சிலிர்த்துத் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளுமே, அதன் எச்சம்தான் இது. உடலில் அடர்ந்த மயிர் இல்லாத நமக்கு இதனால் பயன் இல்லை, அடையாளம் மட்டும் நிற்கிறது.

இவையெல்லாம் நடந்தபின் தீ அப்படியே எரிகிறது. பக்கத்தில் நண்பன் இருக்கிறான். புலியும் வரவில்லை, பேயும் வரவில்லை. ஆபத்து இல்லை என்று மூளை உணர்ந்ததும் இறுக்கம் தளர்கிறது. அத்தளர்ச்சியே சிரிப்பாக வெடிக்கிறது. குழந்தை விரும்புவது அச்சத்தை மட்டுமன்று. அச்சத்தின் மறுகரையில் இருக்கும் இந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான்.

இடைவெளி என்னும் கலை

முகாம்களில் பெயர்பெற்ற பழங்கதை ஒன்று 'பொற்கை'. ஒருவனுடைய மனைவிக்குக் கை ஒன்று பொன்னால் ஆனது. அவள் இறந்து அடக்கமானபின், ஆசை மிக்க கணவன் கல்லறையைத் தோண்டி அக்கையைத் திருடிவந்து படுக்கைக்கு அடியில் ஒளித்து வைக்கிறான். இரவில் காற்று ஓலமிடுகிறது. 'என் பொற்கை எங்கே?' என்னும் குரல் தொலைவில் கேட்கிறது, பிறகு வாசலில், பிறகு மாடிப்படியில், பிறகு கட்டிலருகில். சொல்பவர் குரலைத் தாழ்த்திக்கொண்டே வருவார். பிள்ளைகள் மூச்சடக்கிக் கிடப்பார்கள். ஒரு கணம் மௌனம். உடனே அருகிலிருப்பவன் தோளைப் பற்றி, 'உன்னிடம்தான் இருக்கிறது!' என்று கத்துவார். கூட்டமே துள்ளி விழும், மறுகணம் சிரிக்கும்.

இக்கதையை ஜோசப் ஜேக்கப்ஸ் 1890-இல் தொகுத்த ஆங்கில நாட்டுப்புறக் கதைகளிலும் காணலாம். நாவலாசிரியர் மார்க் ட்வெயின் இதனை மேடைதோறும் சொல்லிப் புகழ் பெற்றார். கதை சொல்லும் முறை பற்றி 1895-இல் அவர் எழுதிய கட்டுரையில், கடைசிக் கூச்சலுக்கு முன் விடும் இடைவெளியே இக்கதையின் உயிர் என்கிறார். அது சற்றே குறைந்தாலும் கெடும், சற்றே மிகுந்தாலும் கெடும் என்பது அவர் கண்ட அனுபவம். இக்கதையை அவர் சிறு வயதில் மிசௌரி மாநிலத்தில் தம் உறவினர் பண்ணையில் அடிமையாக வாழ்ந்த டான் மாமா என்பவர் சொல்லக் கேட்டார். உலகம் போற்றிய எழுத்தாளருக்குக் கதை சொல்லக் கற்பித்தவர் பள்ளிக்கூடம் கண்டவர் அல்லர்.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பு உண்டாகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. ஆனால் முனி கதையில் எந்த இடத்தில் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நாங்கள் ஐந்து பேரும் அந்த வெற்றிலை மெல்லும் ஓசையைக் கேட்டபடி ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டிருப்போம்.

கிராப்சி என்னும் கோடரிக்காரன்

நியூயார்க் மாநில முகாம்களுக்கே உரிய பூச்சாண்டி ஒருவன் உண்டு. அவன் பெயர் கிராப்சி. கதை முகாமுக்கு முகாம் மாறும். ஊரில் மதிப்போடு வாழ்ந்த ஒருவர், ஒரு வடிவத்தில் நீதிபதி, இன்னொரு வடிவத்தில் வணிகர். முகாம் பிள்ளைகளின் கவனக்குறைவால் அவருடைய குழந்தை இறந்துபோகிறது. துயரத்தில் அறிவு பேதலித்த அவர் கோடரியோடு காட்டுக்குள் மறைகிறார். ஆண்டுதோறும் குழந்தை இறந்த அதே நாளில் பழிவாங்க வருகிறார். அந்த நாள் எது? கதை சொல்லப்படும் அந்த நாள்தான்!

லீ ஹேரிங், மார்க் பிரெஸ்லர்மேன் ஆகிய இருவர் 1977-இல் இக்கதையை ஆராய்ந்து நியூயார்க் நாட்டுப்புறவியல் இதழில் எழுதினர். தொல்காப்பியர் சொன்ன நான்கோடு இதனை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். கிராப்சி பாதி பேய். இருட்டில் நுழைவதால் பாதி கள்வன். நீதிபதியாக இருந்தவன் ஆதலால் தண்டிக்கும் தலைவனும் ஆகிறான். காட்டில் திரிவதால் விலங்கின் சாயலும் உண்டு. நான்கு அச்சங்களையும் ஓர் உருவில் திரட்டி வைத்ததாலேயே இக்கதை நிலைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

வழிகாட்டிகளுக்கு இக்கதையால் ஒரு பயனும் உண்டு. கிராப்சி உலவும் இரவில் எந்தப் பிள்ளையும் குடிலை விட்டு வெளியேறான். கதை அங்கே பூட்டாகிறது. ஆயினும் இதை முழு ஏமாற்று என்று சொல்வதற்கில்லை. பில் எல்லிஸ் என்னும் நாட்டுப்புறவியல் அறிஞர் முகாம்களில் நடத்தப்படும் பொய்ச் சோதனைகளை ஆராய்ந்து 1981-இல் எழுதிய கட்டுரையில், அவற்றை ஒருவகை நாடகமாகவே காண்கிறார். சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்தே அதை நடத்துகிறார்கள். பழைய பிள்ளைகள் புதிய பிள்ளைகளைப் பார்த்துக் கண் சிமிட்டுவார்கள். அடுத்த ஆண்டு புதியவர்களும் அப்படியே செய்வார்கள்.

அச்சில் ஏறிய அச்சம்

வாய்மொழியாக வழங்கிய இக்கதைகளைச் சிறுவர்க்கான நூலாக்கியவருள் முதன்மையானவர் ஆல்வின் ஷ்வார்ட்ஸ். இருட்டில் சொல்வதற்கான திகில் கதைகள் என்று பொருள்படும் அவருடைய முதல் தொகுதி 1981-இலும், அடுத்தவை 1984, 1991 ஆகிய ஆண்டுகளிலும் வெளிவந்தன. ஒவ்வொரு கதையும் எங்கிருந்து கிடைத்தது என்பதையும் நூலின் இறுதியில் குறித்தார். எந்த இடத்தில் பாய வேண்டும், எங்கே கத்த வேண்டும் என்று சொல்வோருக்கான குறிப்புகளும் உண்டு. ஸ்டீபன் கேமல் வரைந்த படங்கள் கதைகளைவிட மிகுதியாகவே நடுக்கம் தந்தன.

பெற்றோர் பலர் எதிர்த்தனர். 1990 முதல் 1999 வரை அமெரிக்க நூலகங்களில் மிகுதியான மறுப்புக்குள்ளான நூல்களின் பட்டியலை அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்டபோது முதலிடத்தில் நின்றது இத்தொகுதியே. 2011-இல் மென்மையான புதுப் படங்களோடு பதிப்பித்தார்கள். வளர்ந்துவிட்ட பழைய வாசகர்களோ பழைய படங்களையே கேட்டார்கள். பின்னர் பழைய படங்களோடே நூல் மீண்டும் வந்தது. அஞ்சி அழுததற்காக அந்நூலை அவர்கள் வெறுக்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

மற்றொருவர் ஆர். எல். ஸ்டைன். மயிர்க்கூச்செறிதல் என்று பொருள்படும் 'கூஸ்பம்ப்ஸ்' என்னும் பெயரில் அவர் 1992-இல் தொடங்கிய வரிசை 1997-க்குள் 62 நூல்களாக வளர்ந்தது. அவற்றுள் நான்கைந்து முகாமைக் களமாகக் கொண்டவை. 1993-இல் வந்த முகாம் கதையில் பில்லி என்னும் சிறுவன் செல்லும் முகாமில் நண்பர்கள் ஒவ்வொருவராகக் காணாமற் போகிறார்கள். வழிகாட்டிகள் கவலைப்படுவதே இல்லை. முடிவில் எல்லாம் ஒரு சோதனை என்று தெரிகிறது. காணாமற் போனவர்கள் அனைவரும் நலமாக வருகிறார்கள். அவர்கள் இருப்பதே பூமியன்று, இனிமேல்தான் 'பூமி' என்னும் ஆபத்தான கோளுக்குப் போகப்போகிறார்கள் என்பது கடைசித் திருப்பம்.

ஸ்டைனின் முறை இதில் தெளிவாகத் தெரிகிறது. இயல்தோறும் முடிவில் ஓர் அதிர்ச்சி. அடுத்த இயலின் முதல் வரியிலேயே ஓர் ஆறுதல். வாசகனை அச்சத்தில் இறக்கி, உடனே கை கொடுத்து ஏற்றிவிடுகிறார். முகாம் தீயின் முன் சொல்பவர் முகத்தாலும் குரலாலும் செய்வதை இவர் இயல் பிரிப்பாலேயே செய்தார்.

கதை காவல் ஆகுமா?

இனி, என் மனத்தை மிகவும் வருத்தும் இடத்துக்கு வருகிறேன். அச்சக்கதையைக் காவலாகப் பயன்படுத்தலாமா? 'ஏரிக்குப் போகாதே, கிராப்சி வருவான்' என்று சொன்னால் குழந்தை போகாதுதான். எத்தனை நாளைக்கு?

எங்கள் ஊரில் ஒரு தோட்டக் கிணறு. படி இடிந்து, பாசி படர்ந்து கிடந்தது. பெரியவர்கள் எங்களுக்குச் சொன்னதெல்லாம் அதில் முனி இருக்கிறது என்பது மட்டுமே. எத்தனை ஆள் ஆழம் என்றோ, படி இல்லை என்றோ ஒருவரும் சொன்னதில்லை. என்னோடு படித்த பையன் ஒருவன் பதின்மூன்று வயதில், பேய் என்பது பொய் என்று தெளிந்தான். தெளிந்தது சரியே. அதைப் பிறருக்கு மெய்ப்பிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கிணற்றில் குதித்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. முனி இல்லை, தண்ணீர் இருந்தது.

பேயை நம்பும் வயது கடந்துவிடும். ஆபத்து அங்கேயே இருக்கும். ஆகவே ஆபத்தைப் பேயின் பின்னால் ஒளித்துவைப்பது குழந்தைக்குச் செய்யும் தீங்காகும். அமெரிக்க முகாம்களில் நான் கண்ட நல்ல செய்தி ஒன்று இதுதான். அங்கே இரவில் கிராப்சி கதை சொல்லலாம். ஆனால் பகலில் ஏரியைக் காப்பது கிராப்சி அல்லன். பிள்ளைகளை இருவர் இருவராக இணைத்துத்தான் நீரில் இறக்குவார்கள். குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஊதல் ஒலிக்கும், உடனே ஒவ்வொருவரும் தம் இணையின் கையைப் பற்றி உயர்த்த வேண்டும், எண்ணிக்கை சரிபார்க்கப்படும். கதை கதையின் வேலையைச் செய்கிறது; ஊதல் ஊதலின் வேலையைச் செய்கிறது.

கதை உண்மையை மறைத்துவிடும் என்பதற்கு நியூயார்க் நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவும் சான்று. அங்கும் பிள்ளைகள் கிராப்சி கதையைச் சொல்லித் திரிந்தார்கள். 1987-இல் ஒரு சிறுமி உண்மையாகவே காணாமற் போய், பின்னர் உயிரற்ற உடலாகக் கிடைத்தாள். கடத்தல் குற்றத்துக்காக ஒருவன் 1988-இல் தண்டனை பெற்றான். அவன் கையில் கோடரி இல்லை. அவன் பேயும் இல்லை. இதைப் பற்றி 2009-இல் 'கிராப்சி' என்ற பெயரிலேயே ஓர் ஆவணப்படமும் வந்தது. குழந்தைகள் அஞ்ச வேண்டிய மனிதன் கதையில் வரும் உருவத்தில் வருவதில்லை என்பதே அதைப் பற்றிப் படித்தபோது நான் கொண்ட பாடம்.

நம் முகாம்களில்

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கப்பெற்றது. அதன் ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு நம்மில் பலர் கிராமங்களுக்குச் செல்கிறோம். பகலெல்லாம் பாதை செப்பனிட்டு மரக்கன்று நட்டபின், மாலையில் ஊர்ப் பிள்ளைகள் பள்ளி வாசலில் நம்மைச் சூழ்ந்துகொள்வது வழக்கம். 'அண்ணா, பேய்க்கதை', 'அக்கா, பேய்க்கதை' என்றுதான் முதலில் கேட்பார்கள். அறிவியல் மாணவராகிய நாம் பேய்க்கதை சொல்லலாமா என்று சிலர் தயங்கலாம். தாராளமாகச் சொல்லலாம் என்பதே என் கருத்து. ஆனால் சிலவற்றை மனத்தில் இருத்த வேண்டும்.

முதலாவது, வயது அறிந்து சொல்லுதல். கதைக்கும் நடப்புக்கும் வேறுபாடு தெரியாத மிகச் சிறு குழந்தைகளை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு பிணத்தையும் குருதியையும் வருணிப்பது கொடுமை. இரண்டாவது, அந்த ஊரின் கிணறு, புளியமரம், பாழ்வீடு எதையும் கதைக்குள் கொண்டுவராதிருத்தல். நாம் ஏழு நாளில் திரும்பிவிடுவோம். அந்தப் புளியமரத்தடி வழியாகத்தான் ஒரு பெண்குழந்தை நாள்தோறும் பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும். மூன்றாவது, சிரிப்பில் முடித்தல். கூச்சலோடு எழுந்து போய்விடாமல், எல்லாக் குழந்தைகளும் சிரித்துவிட்டார்களா என்று ஒருமுறை முகங்களைப் பார்க்க வேண்டும். சிரிக்காத குழந்தையைத் தனியே விடாமல் வீடுவரை கொண்டுபோய் விட வேண்டும்.

நான்காவது, எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது. மறுநாள் காலையில், வெளிச்சத்தில், கதை எதுவும் கலக்காமல், அதே பிள்ளைகளிடம் ஊரிலுள்ள மெய்யான ஆபத்துகளைச் சொல்ல வேண்டும். கிணறு இத்தனை ஆழம். இந்தக் கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. பாம்பு கடித்தால் மந்திரிக்கப் போகாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தெரிந்தவரே ஆனாலும் தவறாக நடந்தால் அம்மாவிடம் சொல்ல வேண்டும். இவற்றைப் பேயின் வாயால் சொல்லாமல் நம் வாயாலேயே சொல்ல வேண்டும்.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவு என்று வள்ளுவர் நமக்கு உணர்த்தியிருக்கிறார். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்சவேண்டியதில்லை என்று பிரித்தறியும் பயிற்சியே கல்வி. இரவில் தீயைச் சுற்றிக் கேட்கும் நல்ல பேய்க்கதை, அஞ்சவேண்டியதில்லாத ஒன்றுக்கு அஞ்சிப் பார்த்து, அதைக் கடந்து சிரிக்கக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கிறது. அந்தச் சிரிப்பைக் கொடுத்துவிட்டு, கிணற்றின் ஆழத்தையும் சொல்லிவிட்டு வருவோமாக.